புல்லரிப்பும் பேரேடும்

“நட்சத்திரங்களைக்கூட நீ ஒரு குமாஸ்தாவாகத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய்” என்றார் நண்பர். அவர் கவிஞர். எங்கள் ஊர் மாதாந்தரக் கூட்டத்தில், பதினோரு பேர் முன்னிலையில் சொன்னார். பத்துப் பேர் சிரித்தார்கள். பதினோராமவருக்குக் காது மந்தம். நான் அங்கே பதில் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்த பிறகுதான் வரும். அதனால் இது.

நடந்தது இவ்வளவுதான். 2024 ஜூன் மாதம், சேர்த்துவைத்திருந்த பிரிவிலேஜ் லீவில், அக்கா அனுப்பிய டிக்கெட்டில் நியூஸிலாந்து போயிருந்தேன். அக்காவும் அத்தானும் ஆக்லாந்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர் கடல் தாண்டி கிரேட் பாரியர் தீவு. மவோரிப் பெயர் அவோத்தேயா. கப்பலில் நாலரை மணி நேரம். 2017ல் இந்தத் தீவை ‘இருள்வானச் சரணாலயம்’ என்று அறிவித்தார்கள். அரிசோனாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இருள்வானச் சங்கம் தரும் பட்டம் இது. சரணாலயம் என்ற வகையில் ஒரு தீவுக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. அங்கே ஒரு மலைமேட்டிலிருந்து இரண்டு மணி நேரம் வானத்தைப் பார்த்தேன். திரும்பி வந்ததும் நண்பர், தாம் கொண்டுவரவிருக்கும் ‘இரவு’ சிறப்பிதழுக்கு என் ‘அனுபவ’த்தைக் கேட்டார். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதில் பிரபஞ்சம் இல்லை என்றார்.

அவருக்கு வேண்டிய பிரபஞ்சம் எது என்று எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன் நானே அதைத் தயாரித்திருக்கிறேன். ஒரு மலையுச்சி, மையிருட்டு, தலைக்கு மேல் கோடானுகோடி நட்சத்திரம், ‘நான்’ என்பது தூசாகிக் கரைகிறது, மௌனம் பேசுகிறது, கடைசியில் ஒற்றைச் சொல்லில் ஒரு வரி. என் கவிதையில் நட்சத்திரம் என்ற வார்த்தை ஏழு தடவை வருகிறது. எழுதப்பட்ட இடம் சேலத்தில் ஒரு மொட்டைமாடி. அன்று எத்தனை நட்சத்திரம் தெரிந்தது, எவை எவை என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நிமிர்ந்து பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. ஆனால் கவிதை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

இது நம் புதுக்கவிதையில் ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. வியாபாரப் பத்திரிகையின் சுற்றுலாப் பக்கத்தில் ‘மெய்சிலிர்க்கும் அனுபவம்’ என்று வருவதற்கும் சிறுபத்திரிகையில் ‘பிரபஞ்சப் பிரக்ஞை’ என்று வருவதற்கும் காகிதத்தின் தரத்தில்தான் வித்தியாசம். இரண்டிலும் பார்க்கப்பட்ட பொருள் இல்லை. பார்த்தவனுடைய புல்லரிப்பு மட்டும் இருக்கிறது. அந்தப் புல்லரிப்பும் அவனுடையதா என்பது சந்தேகம். புறப்படும் முன்பே பெட்டியில் மடித்து எடுத்துப் போனது அது.

நான் அந்தத் தீவில் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் இருட்டு. நண்பர் என்னிடம் ‘கன்னி இருள்’ என்ற சொற்சேர்க்கையைப் பிரயோகித்தார். அவோத்தேயாவின் இருள் கன்னியும் அல்ல, ஆதியும் அல்ல. அந்தத் தீவுக்கு மின்கம்பி போகவில்லை, அவ்வளவுதான். 285 சதுர கிலோமீட்டர் நிலம், ஆயிரம் பேர் அளவில் ஜனம். இவர்களுக்காகக் கடலடியில் கம்பி இழுக்க யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு வீடும் தன் கூரையில் சூரியத் தகடு, ஒரு மூலையில் பாட்டரி வரிசை, கொல்லையில் ஜெனரேட்டர் என்று தனக்குத் தானே மின்வாரியமாக இருக்கிறது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் கப்பலில் வரவேண்டும். எங்களுக்கு அறை கொடுத்த அம்மாள் முதல் வேலையாகச் சொன்னது நட்சத்திரத்தைப் பற்றி அல்ல. இரண்டு நாளாக வெயில் இல்லை, ஹேர் டிரையர் போடாதீர்கள், தேவையில்லாத விளக்கை அணையுங்கள் என்றார். அக்கா முகத்தைச் சுளித்தாள். எனக்கோ அந்த அம்மாளை மிகவும் பிடித்துப்போயிற்று. கையிருப்பு என்ன, செலவு என்ன என்று தெரிந்து வாழ்கிறவர்.

ஆக அந்த இருட்டு ஒரு இல்லாமை. ஆனால் இல்லாமையோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதுதான் விஷயம். இல்லாததை வேண்டும் என்று தீர்மானிப்பது வேறு காரியம். பட்டம் கேட்டால் இருட்டை அளந்து காட்ட வேண்டும்; வெளி விளக்குகள் கீழ்நோக்கி மட்டும், வேண்டிய இடத்தில் மட்டும், வேண்டிய நேரத்துக்கு மட்டும் எரியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதாவது மூடி போட்ட பல்பு, மஞ்சள் வெளிச்சம், கூட்டம், தீர்மானம், கையெழுத்து. நம் கவிஞர் எந்த மௌனத்தில் கரையப் பார்க்கிறாரோ அந்த மௌனத்தைக் கட்டிக் காப்பாற்றுவது ஃபைல்கள். குமாஸ்தா வேலை!

இருட்டு மனிதப் பரவசத்துக்காக மட்டும் என்பதும் ஒரு அகங்காரம். தீவின் உயர்ந்த மலை ஹிராக்கிமாத்தா, 627 மீட்டர். தாக்கொகெத்தை என்ற கருநிறக் கடற்பறவை பிரதானமாக இந்த மலைக்காட்டிலும் பக்கத்துத் தீவான ஹவுத்தூருவிலும்தான் மண்ணைக் குடைந்து குஞ்சு பொரிக்கிறது. வேறெங்கும் கிடையாது. அது பசிபிக்கைக் கடந்து தென்னமெரிக்கக் கரைவரை போய் வருகிற பறவை. இம்மாதிரிக் கடற்பறவைகள் வெளிச்சத்தைக் கண்டால் திசை தடுமாறிக் கீழே விழுந்துவிடும். அவற்றுக்கு இருட்டு தரிசனம் அல்ல, வழி.

இனி மேடு. ‘விண்டி கேன்யன்’ என்று பெயர். சாலையின் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு, பாறைகளின் இடுக்கில் மரப்படிகள் ஏறினால் கால் மணியில் ஒரு பார்வைமேடை. பகலில் அங்கிருந்து காடும் கடற்கரையும் தெரியும். சுற்றுலாப் படங்களில் காண்பது அதுதான். நாங்கள் போனது இரவு எட்டு மணிக்கு. ஜூனில் அங்கே குளிர்காலம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் காகிதம் கட்டியிருந்தோம், கண் இருட்டுக்குப் பழகியது கெடாமல் இருக்க. நிலா தேய்பிறையில் இருந்ததால் வெகுநேரம் கழித்தே வரும்.

மேலே போய் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு ஏற்பட்டது பிரபஞ்ச உணர்வு அல்ல. அவமானம்.

ஏனென்றால் எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. தெலுங்குச் சுவரொட்டியின் முன் நிற்கிற தமிழன்போல நின்றேன். எழுத்து என்று தெரிகிறது, ஏராளமாக இருக்கிறது, அழகாகக்கூட இருக்கிறது, படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரியாதவன் அந்த நிலையில் இரண்டு காரியம் செய்யலாம். ‘அடடா, என்ன வளைவு, என்ன சுழிப்பு’ என்று வியக்கலாம். அல்லது பக்கத்தில் இருக்கிறவனிடம், ஐயா இது என்ன எழுத்து என்று கேட்கலாம். நம் கவிதை முதல் காரியத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஞானம் என்று பெயரும் வைத்திருக்கிறது.

அத்தானின் போனில் நட்சத்திர வரைபடம் இருந்தது. அதற்கும் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். அதை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தோம். தெற்கே உயரத்தில் திரிசங்கு. தென்மேற்கில் தாழ்ந்து அகஸ்திய நட்சத்திரம். தெற்கே அடிவானத்துக்கு மேலே வெளுத்த இரண்டு திட்டுகள். “மேகம் வருது மாப்ளே, கிளம்பலாம்” என்றார் அத்தான். கால் மணி ஆகியும் அவை நகரவில்லை. மகெல்லன் மேகங்கள்; நம் பால்வீதியின் அண்டை வீட்டார். பெரியது சுமார் 1,60,000 ஒளியாண்டு தூரம். தமிழ்நாட்டிலிருந்து அவை தெற்கு அடிவானத்தை ஒட்டியே ஏறி இறங்குவதால் நமக்குப் பரிச்சயம் இல்லை.

வடக்கே துருவ நட்சத்திரம் இல்லை. தெற்கே 36 பாகையில் நிற்பவனுக்கு அது எந்நாளும் இல்லை. இதை யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று உறைத்தது. அருந்ததியும் இல்லை. சப்தரிஷி மண்டலத்தின் அந்த ஜோடி அங்கே அடிவானத்துக்குமேல் வருவதே கிடையாது. அக்கா கல்யாணத்தில், காலை பத்தரை மணி வெயிலில், புரோகிதர் மண்டபத்துக்கு வெளியே கூட்டிப்போய்க் கையை உயர்த்தி, பார்த்தாயிற்றா என்றார். பார்த்தாயிற்று என்றாள் அக்கா. “அப்போ இந்த ஊர்ல எங்க கல்யாணம் செல்லாதா மாப்ளே?” என்று கேட்டார் அத்தான். நட்சத்திரத்தோடு நமக்கு உள்ள சம்பந்தத்தின் நிர்த்தாட்சண்யமான வர்ணனை அந்தக் காலை பத்தரை மணிதான். இல்லாததைப் பார்த்ததாகச் சொல்வது சடங்கில் மன்னிக்கத்தக்கது. கவிதையில் அல்ல.

பத்து மணி நெருங்கும்போது விருச்சிகம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்திருந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒன்று. வரைபடத்தில் பார்த்தால் கேட்டை. என் ஜன்ம நட்சத்திரம் கேட்டை. முப்பத்தாறு வருஷமாகக் கோயில் அர்ச்சனைச் சீட்டில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவருகிறேன். அது சிவப்பு என்று எனக்கு அன்று இரவுதான் தெரியும்.

இதைத்தான் நான் நண்பருக்கு எழுதிக் கொடுத்தேன். கூடவே அவருக்குப் பிடிக்காத ஒரு வாக்கியமும் எழுதினேன்: கேட்டையைப் பார்க்க இருள்வானத் தீவுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. ஜூன் மாதம் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் சேலத்துத் தெருவில், சோடியம் விளக்குப் போய் எல்இடி வந்து இன்னும் கண்ணைக் கூசவைக்கும் அதே தெருவில், தெற்கே பார்த்தால் தெரியும். சித்திரை, சுவாதி, மகம், ரோகிணி, திருவாதிரை எல்லாம் முதல் தர ஒளி கொண்டவை. நகரத்து வானத்தையும் துளைத்து வருபவை. நகரம் நம்மிடமிருந்து நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று அழுகிற கவிதைகள் நிறைய வருகின்றன. பிடுங்கியது உண்மை. பால்வீதி போய்விட்டது, மங்கலான ஆயிரங்கள் போய்விட்டன. ஆனால் மிச்சம் வைத்த பத்துப் பதினைந்தை நாம் அடையாளம் கண்டிருக்கிறோமா? கையில் இருந்ததை எண்ணிப் பார்க்காதவன் திருட்டுப் போனதற்குப் புகார் எழுதிக் கொடுக்கிறான்.

நண்பர் இதற்கு விட்மனைக் கொண்டுவந்தார். கொண்டுவருவார் என்று எனக்குத் தெரியும். கற்றறிந்த வானவியலாரைக் கேட்டது பற்றி 1865ல் விட்மன் வெளியிட்ட சிறிய கவிதை ஒன்று எனக்கு பி.ஏ.யில் பாடம். பிரசங்க மண்டபத்தில் வானவியலார் கணக்கும் வரைபடமும் காட்டுகிறார், கைதட்டல் கேட்கிறது. ஒருவனுக்குச் சலித்துப்போய் எழுந்து வெளியே வருகிறான். ஈர இரவில் அவ்வப்போது மௌனமாக நட்சத்திரங்களை அண்ணாந்து பார்க்கிறான். நல்ல கவிதை. ஆனால் இன்று அது ஒரு லைசென்ஸாகிவிட்டது. அறிய வேண்டியதில்லை, அண்ணாந்தால் போதும் என்பதற்கு அத்தாட்சிப் பத்திரம்.

அந்தக் கவிதையில் நம்மவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. அவன் பிரசங்கத்துக்குப் போயிருந்தான். கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வந்தான். அவனுடைய மௌனம் கேட்டதற்குப் பிந்திய மௌனம். விட்மனும் தன் காலத்து விஞ்ஞானத்தைக் கொண்டாடியவரேயொழியப் பழித்தவர் அல்ல. மண்டபத்துக்குள் நுழையாமலே வெளியில் நின்று மௌனம் சாதிப்பவனை அவர் எழுதவில்லை. அவனை எழுத என்ன இருக்கிறது?

அந்த மலைமேட்டில் எனக்குத் தோன்றிய ஆள் விட்மன் அல்ல. ஆல்பர்ட் ஜோன்ஸ் என்று ஒரு நியூஸிலாந்துக்காரர். 1920ல் பிறந்து 2013ல் இறந்தார். வானவியல் அவருக்குச் சம்பளம் தந்த தொழில் அல்ல; மளிகைக்கடை, கார் தொழிற்சாலை என்று பிழைப்பு. ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை, வீட்டிலேயே உருவாக்கிய தொலைநோக்கியில், வெறும் கண்ணால் மதிப்பிட்டுக் குறித்துவைப்பது அவர் காரியம். முறை மிக எளிது: பிரகாசம் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது அதைவிட எவ்வளவு மங்கல், அதைவிட எவ்வளவு பிரகாசம் என்று பத்தில் ஒரு பங்குத் துல்லியத்துக்குத் தீர்மானித்துத் தேதி, நேரம் போட்டு எழுதுவது. அடுத்தது. அதற்கடுத்தது. மறுநாள் மறுபடியும். இப்படி ஐந்து லட்சத்துக்கு மேல் எழுதினார்.

1987 பிப்ரவரியில் பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. கண்ணுக்குத் தெரியும் சூப்பர்நோவா ஏறக்குறைய நானூறு வருஷமாக வரவில்லை. சிலியில் ஒரு மலையில் இருந்த ஆய்வாளர்கள் முதலில் கண்டார்கள். அவர்கள் சொல்லித் தெரியாமலே, தன் வழக்கமான பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஜோன்ஸும் தனியே கண்டுகொண்டார். எப்படி? அந்த இடத்தில் நேற்று என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அத்தனை பேர் அந்த மேகத்தைப் பார்த்து மெய்சிலிர்த்திருக்கலாம். புதிதாக ஒரு புள்ளி முளைத்தது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கோடியோடு ஒன்று. பேரேடு வைத்திருந்தவனுக்குத்தான் வியப்பு நிஜமாக வாய்த்தது.

என் கிளையில் சாயங்காலம் பணம் எண்ணி முடிக்கும்போது பத்து ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வவுச்சரை மறுபடி மறுபடி புரட்ட வேண்டும். இதைக் கேவலமான வேலை என்று நினைத்துக்கொண்டு, தப்பிக்கத்தான் கவிதைக்கு வந்தேன். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தாம். இப்போது எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. கூடியதையும் குறைந்ததையும் விடாமல் தேடுகிற அந்தப் பிடிவாதத்தை அலுவலகத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டு, தளர்ந்த மனசோடு நாம் கவிதைக்குள் வருகிறோம்.

‘யாரும் தீண்டாத வானம்’ என்பதிலும் எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. அந்த வானத்தை ஐரோப்பியர் வருவதற்கு வெகு முன்பே மவோரிகள் படித்துவைத்திருந்தார்கள். நான் கேட்டை என்றது அவர்களுக்கு ரெஹுவா. நாம் கார்த்திகை என்பது, சங்க நூல்களில் அறுமீன் என்பது, அவர்களுக்கு மத்தாரிக்கி. குளிர்காலத்தின் நடுவில் விடியலுக்கு முன் அது மறுபடி தோன்றும்போது அவர்களுக்கு வருஷம் பிறக்கிறது. கூட்டத்தில் ஒரு மீன் நன்னீருக்கு, ஒன்று உப்புநீருக்கு, ஒன்று மண்ணுக்கடியில் விளைவதற்கு, ஒன்று மரத்தில் விளைவதற்கு, ஒன்று இறந்தவர்களுக்கு. எது துலக்கம், எது மங்கல் என்று பார்த்து வருஷத்தின் வரவு செலவைக் கணித்தார்கள். 1907ல் தோஹுங்கா ஒடுக்குச் சட்டம் என்று ஒன்றை அரசாங்கம் கொண்டுவந்தது. அதன் நேர்க்குறி வைத்தியமும் குறிசொல்லலும்; ஆனால் வான அறிவும் அதே தோஹுங்காக்களிடம்தான் இருந்தது. 1962 வரை அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. ராங்கி மாத்தாமுவா என்ற மவோரி அறிஞருக்கு அவர் தாத்தா ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். முன்னோர்கள் 1898ல் தொடங்கி எழுதிவந்த 400 பக்கம். அதிலிருந்து அவர் எழுதிய மத்தாரிக்கி நூல் 2017ல் வந்தது. 2022ல் மத்தாரிக்கி நாடு முழுதுக்கும் விடுமுறை நாளாயிற்று. அலமாரியில் கிடந்த ஒரு பேரேடு. அதை ‘கன்னி’ என்று சொல்கிறவர், படித்தவர்களை அழித்துவிட்டுப் புத்தகத்தை வெற்றுத்தாள் என்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சரணாலயத்தின் எல்லை தரையோடு முடிந்துவிடுகிறது. மேட்டில் முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்பது செயற்கைக்கோள் எண்ணினேன். 2019லிருந்து ஒரே கம்பெனி ஆயிரக்கணக்கில் ஏவியிருக்கிறது. தென்மேற்கே அடிவானத்தில் ஆக்லாந்தின் வெளிச்சக் கறை. எந்தத் தீவும் இவற்றுக்கு மூடி போட முடியாது. இதைப் பற்றிக் கவிதை எழுத ஆள் இல்லை, ஏனென்றால் இது கரைவதற்குத் தோதான விஷயம் அல்ல.

ஜூன் 28 அந்த வருஷத்து மத்தாரிக்கி விடுமுறை. விடியற்காலை ஆறு மணிக்கு மெட்லாண்ட்ஸ் கடற்கரையில் நின்றோம். வடகிழக்கே, தாழ்வாக, சின்னப் புகைபோல அது. அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரை அப்போது சொல்லி அழைப்பது அவர்கள் வழக்கம் என்று அறைகொடுத்த அம்மாள் சொல்லியிருந்தார். முந்திய நவம்பரில் எங்கள் அப்பா இறந்தபோது அக்கா வந்துசேர மூன்று நாள் ஆயிற்று. அவள் கடலைப் பார்த்து அப்பா பெயரைச் சொன்னாள். ஒரு தடவைதான். பிறகு, “குளுருதுடா, போலாம்” என்றாள். இதை நண்பருக்குக் கொடுத்த இரண்டு பக்கத்தில் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருப்பார்.

நான் எண்ணினேன். ஆறு தெளிவாகத் தெரிந்தது. ஏழாவது இருந்தது என்று ஒரு கணம் பட்டது, மறுகணம் இல்லை. குறிப்பில் ‘ஆறு, ஏழாவது சந்தேகம்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம்தான் திரும்பி வந்தது.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டம் ஜூனில் வந்தால் மண்டபத்துக்குள் வேண்டாம், மாடியில் வைத்துக்கொள்வோம். அவருடைய ஜன்ம நட்சத்திரம் சுவாதி என்று எனக்குத் தெரியும். அவர் அம்மா எனக்கும் சேர்த்து அர்ச்சனை செய்வார். தலைக்கு மேலே, கொஞ்சம் மேற்கே, மஞ்சள் கலந்த சிவப்பில் இருக்கும். அவர் கையை நீட்டிக் காட்டட்டும். காது மந்தமானவர் உட்பட பதினோரு பேரும் இருப்போம்.